ஐந்தாவது வரிசை, இடது பக்கம்

என் தம்பிக்கு இந்த உலகத்தில் பிடிக்காத மனிதர்கள் ஒரே ஒரு வகைதான். படத்தை ஆன்லைனில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கையில் கொண்டுவருகிறவர்கள். எனக்கு அவர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஒரே போட்டோ ஸ்டூடியோவுக்கு இருவரும் முதலாளி என்பதால் இந்தச் சண்டை எங்களுக்குள் ஓய்ந்ததே இல்லை.

ஏற்பாடு என்னவோ சுலபமானதுதான். நான் போய்ப் படம் எடுப்பேன். தம்பி அவற்றை எங்கள் வலைத்தளத்தில் ஏற்றி வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்புவான். அவர்கள் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி பிடித்த படத்தைத் தொட்டு, சைஸைத் தொட்டு, கார்டு எண்ணைப் போட்டால் ஆர்டர் நேராகப் படம் அச்சிடும் லேபுக்குப் போய்விடும். பிரிண்ட் லேபிலிருந்து நேராக அவர்கள் வாசலுக்குப் போய்ச் சேரும். நடுவில் எங்களுக்கு வேலையே கிடையாது. "தூங்கிக்கிட்டே சம்பாதிக்கலாம்க்கா" என்பான். தூங்குவதற்கு நான் எதற்குக் கேமரா வாங்கினேன் என்று அவனிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆன்லைனில் கட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். கரண்ட் பில்லில் இருந்து காலில் போடும் ஷூ வரைக்கும் எல்லாம் செல்ஃபோனிலேயே கட்டுகிறவர், படத்துக்கு மட்டும் நேரில் வந்து நிற்பார். ஏன் டாக்டர் என்றால், "கம்ப்யூட்டர்கிட்ட பேரம் பேச முடியாதேம்மா" என்பார். சைக்கிள் கடைக்காரருக்கு வேறு பயம். கார்டு எண்ணை ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் கடைகடையாக ஏறி இறங்கும் என்று நினைக்கிறார். இவர்களுக்கெல்லாம் நான் கையால் ஆர்டர் போடுவேன். எந்தப் படம், என்ன சைஸ் என்று வாயால் கேட்டுக்கொண்டு, எங்கள் கணக்கிலிருந்து லேபுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் நீட்டுவதை வாங்கிக் கல்லாவில் போடுவேன்.

"ஒரு தப்பு நடக்கட்டும். அன்னிக்கு இருக்குக்கா உனக்கு" என்று தம்பி சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

அப்படி வந்தவர்தான் ரோலர் அக்கா.

ஒரு பெரிய சலவை நிலையத்தில் ஆண்டு விழாவுக்காக ஊழியர்கள் எல்லோரையும் அவரவர் வேலை செய்கிற இடத்திலேயே வைத்துப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம் அது. உள்ளே வரிசையாக இஸ்திரி மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டிலை விட நீளமான சூடான உருளை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். எங்கே பார்த்தாலும் ஆவி. எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, தலைமுடியை முழுக்க மூடிய ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. லென்ஸைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை. ஆனாலும் ஆவிக்குள் பாதி மறைந்த முகங்கள் திரையில் வந்து விழுந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முகம் பாதி மறைந்தால்தான் கலை என்று அன்றைக்கு யாரோ என்னிடம் சத்தியம் செய்ததுபோல எடுத்துத் தள்ளினேன்.

லிங்க் போன சில நாளில் ரோலர் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். முதல் உருளை மெஷினில் நிற்பவர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பவர். அவரோடு வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள் என்றார்.

"படம் பார்த்தேம்மா. அதுல பெருசா ஒண்ணு வேணும். சுவத்துல மாட்டற மாதிரி, ஃப்ரேம் போட்டு."

"போட்டுடலாம்க்கா. கார்டு இருந்தா நீங்களே லிங்க்ல…"

"கார்டு இருக்கு. ஆனா அதுல கட்டமாட்டேன். பணமா குடுத்துடறேன்."

நான் காரணம் கேட்பதில்லை. கேட்டால் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அவராகவே சொன்னார்.

"கார்டு என்னோடது, சம்பளமும் என்னோடது. கட்டும்போது ஒரு நம்பர் வருதில்ல, ஓடிபி, அது மட்டும் எங்க வீட்டுக்காரர் ஃபோனுக்குப் போகும். கணக்கு ஆரம்பிச்சப்ப ஃபாரத்த அவருதான் எழுதினாரு. பழக்கத்துல அவரு நம்பரையே போட்டுட்டாரு. அதனால ஒவ்வொரு தடவையும் அவர்கிட்ட கேக்கணும். எதுக்குன்னு கேப்பாரு. சொன்னா குடுத்துடுவாரு. தப்பா நெனைக்காதீங்க, தங்கமான மனுஷன், ஒரு நாளும் இல்லேன்னு சொன்னதில்ல. ஆனா கேக்கணும்."

ஸ்டூடியோ சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"எங்க வீட்டுச் சுவத்துல எல்லாரும் இருக்காங்க. மாமியார் மாமனார், பசங்க, எங்க கல்யாணப் படம். வெளியூர் போனப்ப எடுத்தது எல்லாம் நான்தான் எடுத்தேன், அதனால அதுல நான் இல்ல. நான் மட்டும் தனியா நிக்கற படம் ஒண்ணுகூட இல்ல. செருப்பு வாங்கக் கேட்டிருக்கேன், பசங்க ஃபீஸுக்குக் கேட்டிருக்கேன். என் மூஞ்சிய என் வீட்டுச் சுவத்துல மாட்டறதுக்கும் ஒருத்தர்கிட்ட நம்பர் கேட்டு நிக்கணுமாம்மா?"

வேண்டாம்க்கா என்றேன். எனக்கு உள்ளே சுள்ளென்று ஏறியது. யார்மேல் என்று தெரியாத கோபம். பணத்தை வாங்கிக்கொண்டேன். தம்பி கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எந்தப் படம் என்பதை மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டார். பின்னால் மெஷின் இரைச்சல். கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"மேலேருந்து அஞ்சாவது வரிசைம்மா. இடது பக்கம்."

"அஞ்சாவது வரிசை, இடது பக்கம். சரிக்கா."

கம்ப்யூட்டரில் எண்ணினேன். ஐந்தாவது வரிசை, இடது ஓரம். ஆவிக்குள் வெள்ளைத் தொப்பி, குனிந்த பக்கவாட்டு முகம், விரிப்பை இழுத்துப் பிடித்த இரண்டு கைகள். பின்னால் உருளை. அற்புதமான படம். அக்காவுக்கு நல்ல ரசனை என்று நினைத்துக்கொண்டே ஆர்டரை அனுப்பினேன். அவர் பஸ்ஸில் போகிறவர், அவ்வளவு பெரிய ஃப்ரேமைச் சுமக்கவேண்டாமே என்று வீட்டு முகவரியையே கொடுத்தேன்.

அடுத்து அவர் வந்தது, வெள்ளை விரிப்பு ஒன்றில் சுற்றிய அந்த ஃப்ரேமோடு. பஸ்ஸில்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். மேஜைமேல் நிமிர்த்தி வைத்து விரிப்பை விலக்கினார்.

"இது யாரும்மா?"

"நீங்கதான்க்கா" என்றேன்.

அவர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, படத்தில் இருப்பவள் திரும்பியிருந்த அதே பக்கம் திரும்பி, அதே மாதிரி குனிந்து காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கு வேறு. தாடை வேறு. புருவம்கூட வேறு.

"இது மூணாவது மெஷின்காரி" என்றார் அக்கா.

தம்பி எழுந்து வந்தான். வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் அக்காவின் ஃபோனை வாங்கி லிங்கைத் திறந்தான். ஃபோனில் ஒரு வரிசைக்கு இரண்டு படம். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வரிசைக்கு ஆறு. அவர் கையில் ஐந்தாவது வரிசை, இடது பக்கம் என்பது ஒன்பதாவது படம். என் மேஜையில் அது இருபத்தைந்தாவது. நாங்கள் இருவரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறோம். தலைகீழாக நின்றாலும் அந்த இரண்டும் ஒரே படமாக வராது.

"நான் சொன்னேனா இல்லியா? இதுக்குத்தான் கை ஆர்டரே வேணாங்கறேன்" என்று தம்பி ஆரம்பித்தான்.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் நம்பர் இருந்துச்சே, அத யாரு எடுத்தது?"

பார்க்க நீட்டாக இல்லை என்று போன மாதம் எல்லா எண்களையும் மறைத்தவன் அவன்தான். ஒன்பது, இருபத்தைந்து என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தால் சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லியிருக்கும்.

"கை ஆர்டர் இருக்கும்" என்றேன். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நம்பரும் இருக்கணும்."

அக்கா எங்கள் சண்டையைக் கேட்டதாகவே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, விரிப்பை மடிமேல் போட்டு, முனைக்கு முனை வைத்து மடிக்க ஆரம்பித்தார். கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டுக்குச் சொல்லியது.

"நான் ஷிஃப்ட்டுல இருக்கும்போது பார்சல் வந்திருக்கு. எங்க வீட்டுக்காரரு பிரிச்சுப் பார்த்திருக்காரு. பார்த்துட்டு, நான் வர்றதுக்குள்ள மாட்டிடணும்னு சுவத்துல ஓட்ட போட்டு, மட்டம் பார்த்து, கல்யாணப் படத்தக் கொஞ்சம் தள்ளி வச்சு, இத நட்ட நடுவுல மாட்டியிருக்காரு. நான் உள்ள நுழையறேன், கையில ஸ்க்ரூ டிரைவரோட நிக்கறாரு. முகமெல்லாம் பல்லு. 'சொல்லவே இல்லியே நீ! பாரு, அச்சு அசல் நீயே வந்து நிக்கற மாதிரி இருக்கு'ங்கறாரு."

மடித்த விரிப்பைத் தட்டினார்.

"நான் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டுக்கிட்டே ரெண்டு மூணு தடவ நிமிர்ந்து படத்தப் பார்த்தாரு. நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன். அப்பவும் தெரியல. காலைல நாற்காலி போட்டுக் கழட்டினேன். ஏன் கழட்டறேன்னாரு. இது நான் இல்லன்னேன். சிரிச்சாரு. அப்புறம் கிட்ட போய்ப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, திரும்ப அதப் பார்த்தாரு. 'கண்ணாடி போடல'ன்னாரு. கண்ணாடி மூக்குமேலதான் இருந்துச்சு."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி சட்டென்று தரையைப் பார்த்தான். மன்னிச்சிடுங்கக்கா, என் தப்புதான், நான் சரியாகப் பார்த்திருக்கவேண்டும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க என்னம்மா, என்னை ஒரு நாள்தான் பார்த்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் அந்த வார்த்தை நெஞ்சில் அப்படியே இறங்கியது.

"அக்கா, இன்னிக்கே சரியான படத்த அனுப்பிடறேன். நீங்க எதுவும் தர வேணாம்" என்றான் தம்பி. இதை அவன் வாயால் கேட்க நான் எத்தனை நாள் தவம் கிடந்திருக்கவேண்டும்!

"சும்மா வேணாம் தம்பி. குடுத்த பணத்தத் திருப்பிக் குடுங்க, அது சரி. படத்த நானே ஆர்டர் போடறேன். என் ஃபோன்ல, என் கையால. அதுக்கு முன்னால பேங்குக்குப் போகணும். நம்பர மாத்தணும்."

"அக்கா, அதுக்காக நீங்க அலையணுமா? கையில குடுத்தா நான் போட்டுத் தரமாட்டேனா?" என்றேன். என் கட்சியில் இருந்த ஆள் எதிர்க்கட்சிக்குப் போகிறாரே என்று ஒரு கணம் நினைத்ததை மறைப்பானேன்.

"நீங்க போட்டுத் தருவீங்க. உங்ககிட்டயும் நான் கேக்கணுமே?" என்றார்.

"நானும் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். எனக்கிருந்த கோபத்துக்கு யாரிடமாவது சண்டை போட்டால் தேவலாம் போலிருந்தது. வங்கி அதற்கு ஏற்ற இடம்.

கவுன்ட்டரில் இருந்த இளைஞர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இப்ப இருக்கற நம்பர் யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வருஷக்கணக்காக ஈர விரிப்பை இழுத்துப் பிடித்த பிடி. என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"கணக்கு யார் பேர்ல இருக்கு?" என்று அக்காவே கேட்டார்.

"உங்க பேர்லதான்."

"வந்திருக்கறது யாரு?"

அந்த இளைஞர் இப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்கதான். இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"அப்ப ஆள் வந்தாச்சு. ஃபாரத்தக் குடுங்க."

மேனேஜர் பார்க்கவேண்டும், அவர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்றார் அவர். ஆளைக் கிளப்ப வழக்கமாகச் சொல்கிற வார்த்தை. அக்கா சுவரோரம் போட்டிருந்த பெஞ்சைக் காட்டி, அங்கே இருக்கிறேன் என்றார். இதற்காகவே விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் எழுதித் தரட்டுமா என்று ஃபாரத்துக்குக் கை நீட்டினேன். "ஏற்கெனவே ஒருத்தர் எழுதிக் குடுத்துத்தாம்மா இந்தக் கதி" என்று சிரித்துக்கொண்டே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் ஃபோன் எண்ணை ஒவ்வொன்றாக, பேனா காகிதத்தைக் கிழித்துவிடுமோ என்னும்படி அழுத்தி எழுதினார்.

மேனேஜர் வந்தார். அக்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பழைய படம், கறுப்படித்துப் போயிருந்தது. அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். இவரும் தப்பாகச் சொல்லிவிட்டால்?

"இது நீங்கதானா?"

"நல்லா பாருங்க சார்" என்றார் அக்கா. "ஒண்ணும் அவசரமில்ல. நேரம் எடுத்துக்கிட்டுப் பாருங்க."

நெற்றிமேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, கண் சிமிட்டாமல் நின்றார். அந்த மனிதருக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த ஆவிக்குள் அலைந்த அன்று நான் அப்படிப் பார்த்திருக்கவேண்டும்.

"நீங்கதான்" என்று கையெழுத்துப் போட்டார். நாளைக்குள் மாறிவிடும் என்றார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அக்கா நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். தொப்பியின் விளிம்பு அழுந்திய கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. மூன்றாவது மெஷின்காரியின் படத்தை அவளிடமே கொடுக்கச் சொல்லி மத்தியானமே சலவை நிலையத்துக்கு நான் அனுப்பியிருந்தேன். அவள் அதைப் பார்த்து ஒரு குதி குதித்தாளாம். அந்தச் செலவைப் பற்றித் தம்பி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

"வீட்ல சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். நம்பர மாத்திட்டேன்னேன். 'எதுக்கு?'ன்னாரு." அக்கா சிரித்தார். "பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போயிடுமா? அப்புறம் எந்திரிச்சுப் போய் படத்துக்குப் போட்ட அந்த ஸ்க்ரூ ஆடுதான்னு தொட்டுப் பார்த்துட்டு வந்தாரு."

லிங்கைத் திறந்தார். இப்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எண் இருந்தது. கொட்டை எழுத்தில். தம்பி ஆத்திரத்தில் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தான். ஒன்பதை என்னிடம் காட்டினார். ஆவி குறைவாக, கலை குறைவாக, முகம் முழுசாக இருந்த படம். உருளைக்கு முன்னால் நேராக நின்று, என்னடி படம் எடுக்கிறாய் என்று கேட்பதுபோல லென்ஸைப் பார்க்கிறார். நான் எடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

தொட்டார். சைஸ் கேட்டது. முந்தையதைவிட ஒரு சைஸ் பெரிதாகத் தேர்ந்தெடுத்தார். கார்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தார். திரையில் வட்டம் சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வங்கிக்காரர் சொன்னபடி மாறியிருக்குமா? இல்லையென்றால் இந்நேரம் வேறொரு வீட்டில், வேறொரு சட்டைப்பையில் அந்த எண் போய் இறங்கியிருக்கும். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கையிலேயே ஃபோன் மணியடித்தது.

தம்பி வழக்கம்போல உதவிக்குப் பாய்ந்தான். யார் ஆன்லைனில் கட்டத் தடுமாறினாலும் அவனுக்குப் பொறுக்காது. "வந்துடுச்சுக்கா! நம்பரச் சொல்லுங்க, நான் டக்குன்னு போட்டுடறேன்."

அக்கா ஃபோனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இதுல போட்டிருக்குப்பா" என்றார்.

பிறகு எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, ஒற்றை விரலால், அவசரமே இல்லாமல் தட்டினார்.